தாழ்ப்பாளில் வைத்த கை

இந்த நாட்டின் மிகப் பெரிய நாவலுடைய முடிவின் மேல் நான்கு நாள் உட்கார்ந்திருந்தவள் நான். பெருமைக்காகச் சொல்லவில்லை. உட்கார வேறு இடம் இல்லை.

அப்போது எனக்கு எட்டாம் மாதம். கால் இரண்டும் வீங்கி, செருப்புக்குள் போக மாட்டேன் என்று அடம்பிடித்தன. நான் வேலை பார்த்த அச்சகத்தில் பைண்டிங் பகுதிக்கு நாற்காலி கிடையாது. நாற்காலி போட்டால் பெண்களுக்குத் தூக்கம் வந்துவிடும் என்பது ஃபோர்மேனின் கொள்கை. அவருக்குத் தூக்கமே வராது போலிருக்கிறது, அவரிடம் கைப்பிடி வைத்த நாற்காலியே இருந்தது.

வேலை இதுதான். ஒரு பெரிய தாளில் பதினாறு பக்கம் அச்சடித்து மடித்தால் ஒரு ஃபாரம். ஒரு புத்தகத்துக்கு எத்தனை ஃபாரமோ அத்தனை அடுக்கு நீள மேஜையில் வரிசையாக இருக்கும். பெண்கள் மேஜையைச் சுற்றி நடந்து, அடுக்குக்கு ஒன்றாக எடுத்துக்கொண்டே வந்து, மேஜைக் கோடியில் இருப்பவளிடம் கொடுப்பார்கள். அவள் தட்டிச் சரிசெய்து தையலுக்கு அனுப்புவாள். கோடியில் இருந்தவள் நான். அந்த நாவலுக்கு இருபது ஃபாரம், கடைசியாக எட்டே பக்கம் கொண்ட அரை ஃபாரம் ஒன்று. மேஜையில் இருபது அடுக்குக்குத்தான் இடம். இருபத்தொன்றாவதை மிஷின்காரன் கட்டுகளாகக் கட்டி, நான் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் தரையில் அடுக்கிவிட்டுப் போய்விட்டான். பார்த்தேன். முழங்கால் உயரம், தட்டையான தலை. யாரோ புண்ணியவான் கழிவுத்தாளைக் கட்டி வைத்திருக்கிறான் என்று உட்கார்ந்துவிட்டேன்.

கடைசி ஃபாரம் அவளிடம் இருக்கிறது, அவளே போட்டுக்கொள்வாள் என்று நடந்தவர்கள் நினைத்தார்கள். நடந்தவர்கள் போட்டாயிற்று என்று நான் நினைத்தேன். இப்படி ஒருவர் மேல் ஒருவர் வைத்த நம்பிக்கையால்தான் உலகத்தில் பாதி வேலை நடக்காமல் போகிறது. ஐந்தாம் நாள் ஃபோர்மேன் வந்து, "இதென்ன கட்டு?" என்று காலால் தட்டிப் பார்த்தபோது இரண்டாயிரம் பிரதியும் கடைக்குப் போயிருந்தன.

ஃபோர்மேன் முகம் வெளுத்துவிட்டது. "வாயைத் திறக்காதே. உன் வேலையும் போகும், என் வேலையும் போகும். இதை எப்படியாவது இங்கேயிருந்து அப்புறப்படுத்து" என்றார். தினம் கொஞ்சமாகப் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்து, சாக்கில் கட்டிப் பரணில் ஏற்றினேன். என் வீட்டுக்காரர் என்னவென்று கேட்டார். பழைய பேப்பர் என்றேன். பொய்யில்லையே.

நாவலின் கதை எல்லாருக்கும் தெரியும், ஆனாலும் சொல்கிறேன். ஆற்றுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே நாடாக இருந்து, சண்டை போட்டு இரண்டாகிறது. கதாநாயகியின் புருஷன் சண்டைக் காலத்தில் அந்தப் பக்கம் போய் மாட்டிக்கொள்கிறான். ஏழு வருடம் அவள் தனியாகப் பாடுபட்டுக் குடும்பத்தைத் தூக்கி நிறுத்துகிறாள். ஒருநாள் காலையில் யாரோ கதவைத் தட்டுகிறார்கள். முந்நூற்று இருபதாம் பக்கத்தின் கடைசி வரி: "அவள் எழுந்து போய்த் தாழ்ப்பாளில் கை வைத்தாள்." முற்றுப்புள்ளி. அதற்கு மேல் எனக்குக் கீழே இருந்தது.

அந்த முற்றுப்புள்ளி அந்தப் பக்கத்தின் அடியில் வந்து விழுந்ததுதான் வினை. பாதி வரியில் முடிந்திருந்தால் எவனாவது கடைக்காரனிடம் போய்ச் சண்டை பிடித்திருப்பான்.

பத்து நாள் கழித்து எழுத்தாளர் குடையோடு வந்தார். அன்றைக்கு மழை இல்லை, குடை ஃபோர்மேன் முதுகுக்கு. "என் முடிவு எங்கடா?" என்று வாசலிலிருந்தே கத்தினார். ஃபோர்மேன் கட்டிங் மிஷினுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார். நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுவரோடு சுவராக நின்றேன். அந்த நேரம் பார்த்துத் தபால்காரர் அன்றைய பத்திரிகையைப் போட்டுவிட்டுப் போனார். அதில் அவர் நாவலைப் பற்றி அரைப் பக்கம். தலைப்பே கொட்டை எழுத்தில், 'முடிக்காமல் முடித்த மேதை'. எழுத்தாளர் நின்றபடியே படித்தார். மறுபடியும் படித்தார். குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

"அடுத்த பதிப்பையும் இப்படியே போடுங்க" என்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் போனார்.

நாடு பிறந்து அப்போது எட்டு வருடம். கொடி இருந்தது, பாட்டு இருந்தது, தபால்தலை இருந்தது. நாம் எப்படிப்பட்டவர்கள் என்பது மட்டும் இன்னும் முடிவாகவில்லை. அந்த இடம் காலியாக இருந்தது, நாவல் வந்து சப்பணம் போட்டு உட்கார்ந்துகொண்டது. அவள் திறந்தாள், நாம் பெருந்தன்மைக்காரர்கள் என்று ஒரு கூட்டம். திறக்கவில்லை, நாம் மானஸ்தர்கள் என்று இன்னொரு கூட்டம். டீக்கடையில் மண்டை உடைந்தது. சட்டசபையில் மைக் உடைந்தது. என் வீட்டுக்காரர் 'திறக்கவில்லை' கட்சி. அவர் கண்மூடும்வரை பரணில் என்ன இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவர்களைப் பற்றிக் கேட்டிருப்பீர்கள். நான் இரண்டாயிரம் அரை ஃபாரத்தைப் பரணில் மறைத்தவள்.

கடைசியில் அரசாங்கம் பதினொரு பேர் குழு போட்டது. மூன்று வருடம் உட்கார்ந்து அவர்கள் கண்டுபிடித்த விடை இது: "அவள் திறக்கவும் இல்லை, திறக்காமலும் இல்லை. கை வைத்தாள். கை வைத்து நிற்பதே நம் இயல்பு." இதைப் பாடப்புத்தகத்தில் போட்டார்கள். நாற்சந்தியில் வெண்கலச் சிலை வைத்தார்கள், ஒரு பெண், ஒரு கதவு, ஒரு தாழ்ப்பாள். கடைகளில் 'நாயகி மாடல்' தாழ்ப்பாள் விற்றது. வேடிக்கை என்னவென்றால், ஜனங்கள் நிஜமாகவே அப்படி ஆகிவிட்டார்கள். நாவலுக்கு முன்னால் எங்கள் தெருவில் யாரும் கதவைத் தட்டியதே கிடையாது. தள்ளிக்கொண்டு வந்து, "இன்னைக்கு என்ன குழம்பு?" என்பார்கள். நாவலுக்கு அப்புறம் எல்லார் வீட்டிலும் தாழ்ப்பாள், எல்லாரும் தட்டுகிறார்கள், தட்டினால் உள்ளே இருப்பவர் எழுந்து வந்து தாழ்ப்பாளில் கை வைத்துக் கொஞ்ச நேரம் நிற்கிறார். அது மரியாதையாம், பண்பாடாம், ஆதிகாலத்திலிருந்து வருகிறதாம். தீயணைப்புக்காரர்கள் மட்டும் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, இப்போது தட்டாமலே கதவை உடைக்கிறார்கள்.

சிரித்துக்கொண்டிருந்தேன். தன் வினை தன்னைச் சுடும் என்பது என் விஷயத்தில் முப்பத்திரண்டு வருடம் கழித்து நடந்தது.

அன்று வயிற்றில் இருந்தவள்தான் என் ஒரே மகள். முப்பத்திரண்டு வயதாகியும் வீட்டில் அவள் பெயர் பாப்பாதான். அவள் கட்டிக்கொண்டது ஆற்றுக்கு அந்தப் பக்கத்துக்காரரை. பூட்டு ரிப்பேர் செய்கிறவர். தங்கமான மனுஷன்; என்ன, உண்மை பேசுகிற வியாதி உண்டு. இங்கேயே இருக்க வேண்டுமானால் குடியுரிமை வாங்க வேண்டும். அதற்கு நேர்காணல் உண்டு. ஐந்து கேள்வி, மூன்றுக்குச் சரியாகச் சொன்னால் பாஸ். ஐந்தும் அந்த நாவலிலிருந்து.

முதல் தடவை, "அவள் ஏன் கதவைத் திறக்கவில்லை?" என்று கேட்டிருக்கிறார்கள். இவர், "அந்தக் கதவுலதான் தாழ்ப்பாளே இல்லையே. என்னத்தைத் திறக்கறது?" என்று கேட்டிருக்கிறார். தேசிய உணர்வைக் கிண்டல் செய்ததாக எழுதி அனுப்பிவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்தவரை நான் பிடித்துக்கொண்டேன். "ஏன் மாப்பிள்ளை, உங்களுக்கு எதுக்கு இந்த வம்பு?"

"வம்பு இல்லை அத்தை. இருநூத்திப் பன்னெண்டாம் பக்கத்தைப் பாருங்க. புருஷன் கோவத்துல கதவை இழுத்ததுல தாழ்ப்பாள் பிடுங்கிட்டு வந்துடுச்சுன்னு எழுதியிருக்கார். அப்புறம் யாரும் மாட்டவே இல்லை. நானும் நாலு தடவை தேடிட்டேன். கதையில பூட்டு, தாழ்ப்பாள் எது வந்தாலும் எனக்குக் கண்ணு அங்கதான் போகும்."

பாடப்புத்தகப் பதிப்பை வருடா வருடம் கட்டுகிறவள் நான். எடுத்துப் பார்த்தேன். இருநூற்றுப் பன்னிரண்டு, மேலிருந்து ஆறாவது வரி. முப்பது வருடமாக நாட்டில் படித்தவன் படிக்காதவன் எல்லாரும் அந்தத் தாழ்ப்பாளைப் பற்றியே பேசியிருக்கிறார்கள். அது பிடுங்கப்பட்டதை ஒருத்தரும் பார்க்கவில்லை. பார்த்தவர் அந்நியர்.

"உண்மையா இருந்துட்டுப் போகுது. குழு சொன்னதை மனப்பாடம் பண்ணி ஒப்பிச்சுட்டு வந்துடுங்க" என்றேன்.

"தாழ்ப்பாள் இல்லாத கதவுல தாழ்ப்பாளைப் பிடிச்சுட்டு நின்னான்னு என் வாயால சொன்னா, நாளைக்கு எவன் என்கிட்ட பூட்டைக் கொடுப்பான்?"

பாப்பா அழுததைப் பார்த்து, இரண்டாம் தடவை மனப்பாடம் செய்துகொண்டுதான் போனார். முதல் கேள்விக்கு அட்சரம் பிசகாமல் ஒப்பித்தாராம். "எந்தக் கையை வைத்தாள்?" என்று அடுத்த கேள்வி. "எதுல?" என்று கேட்டுவிட்டார். அதோடு தொலைந்தது.

மூன்றாவதுதான் கடைசி. அதிலும் தவறினால் பதினைந்து நாளில் ஆற்றைத் தாண்ட வேண்டும். "அவர் போனா நானும் போறேம்மா" என்று பாப்பா சொல்லிவிட்டு இரண்டு பெட்டியை இறக்கித் துடைக்க ஆரம்பித்தாள். அந்தப் பக்கம் போனவர்கள் திரும்பி வர அனுமதி வாங்குவதற்குள் தலை நரைத்துவிடும். எனக்கு ஏற்கெனவே நரைத்தாயிற்று. அவள் பெட்டி துடைக்கிற சத்தம் கேட்கும்போதெல்லாம் நான் பரணை அண்ணாந்து பார்த்தேன். ஒரு நாற்காலி இல்லாததால் உட்கார்ந்தேன், அதற்கு என் பிள்ளையையா கொடுக்க வேண்டும்? பரணில் ஏறினேன்.

சாக்கை அவிழ்த்து ஒரு அரை ஃபாரத்தை உருவினேன். ஓரம் பழுத்திருந்தது, எழுத்து அப்படியே இருந்தது. அதை மஞ்சள் உறையில் போட்டு எடுத்துக்கொண்டு மறுநாள் காலையில் எழுத்தாளர் வீட்டுக்குப் போனேன்.

தட்டினேன். செருப்புச் சத்தம் வந்தது. கதவுக்கு அந்தப் பக்கம் நின்றது. நாயகி மாடல் தாழ்ப்பாளில் கை விழும் சத்தமும் கேட்டது. அப்புறம் ஒன்றுமில்லை. நானும் நிற்கிறேன், அவரும் நிற்கிறார். எனக்குப் பொறுமை என்பது பிறவியிலேயே கிடையாது.

"ஐயா, போதும் நின்னது! உங்க கடைசி எட்டுப் பக்கம் வந்திருக்கு!"

கதவு படாரென்று திறந்தது. எழுபத்தெட்டு வயசு, காதில் முடி, சட்டையில் பொத்தான் மாறிப் போட்டிருந்தார். என்னைப் பார்க்கவில்லை, உறையைப் பார்த்தார்.

"இது எங்க இருந்துச்சு?"

"எனக்குக் கீழ இருந்துச்சுங்க" என்று எல்லாவற்றையும் சொன்னேன். எட்டாம் மாதம், வீங்கிய கால், நாற்காலி, எதையும் விடவில்லை. அவர் கேட்டுக்கொண்டே நாற்காலியில் சரிந்தார்.

"அச்சுக்கோக்கறவன் எவனோ என்னைவிட இலக்கியம் தெரிஞ்சவன், வேணும்னே எடுத்துட்டான்னு இத்தனை வருஷமா நினைச்சுட்டு இருந்தேன்மா. மனசுக்குள்ள அவனைக் கும்பிட்டிருக்கேன்."

"நான்தாங்க அது."

"கையெழுத்துப் பிரதி ஒண்ணு இருந்துச்சு. ஆராய்ச்சி பண்றேன்னு ஒருத்தன் பார்க்கக் கேட்டான். பயந்துபோய்க் கடைசி அத்தியாயத்தை அடுப்புல போட்டுட்டேன்." கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு, தாளை விரித்துச் சத்தமாகப் படித்தார்.

முந்நூற்று இருபத்தொன்றாம் பக்கம் இப்படித் தொடங்குகிறது: "தாழ்ப்பாள் இருந்த இடத்தில் கை வெறும் மரத்தைத் தொட்டதும் அவளுக்கே சிரிப்பு வந்தது. அது பிடுங்கிப் போய் ஏழு வருடமாயிற்று. பழக்கம் மட்டும் போகவில்லை." கதவைத் திறக்கிறாள். புருஷன் தாடியும் மீசையுமாக நிற்கிறான். அவள் பேசுகிற முதல் பேச்சு: "இப்படித் தட்டிட்டு நிக்கறீங்களே, தள்ளிட்டு உள்ள வர வேண்டியதுதானே!" அதற்கப்புறம் ஏழு பக்கம் அவள் அவனைத் திட்டுகிறாள். அவ்வளவுதான். தண்ணீர் கொடுக்கிறாள், திட்டுகிறாள். சோறு போடுகிறாள், திட்டுகிறாள். கிழிந்த சட்டையைக் கழற்றச் சொல்லித் தைத்துக்கொண்டே திட்டுகிறாள். அவன் சாப்பிட்டுக்கொண்டே அழுகிறான். முற்றும்.

"ரொம்பச் சாதாரணமா இருக்கே" என்றார் எழுத்தாளர். மறுபடி படித்தார். சிரித்தார். சிரிப்பு நடுவில் எங்கேயோ மாறிப்போய், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இது என் சம்சாரம் பேசற பேச்சும்மா. ஒரு வார்த்தை நான் சேர்க்கலை. ஜெயில்லேர்ந்து நான் வந்த அன்னைக்கு இப்படித்தான் திட்டினா. புத்தகத்துல இதைக் காணோம்னதும், 'அந்தப் பக்கத்தைத் திரும்பப் போடுங்க'ன்னு கேட்டா. நான் போடலை. அதுக்கப்புறம் அவ என் எழுத்தைப் படிக்கறதையே விட்டுட்டா." சுவரில் இருந்த படத்தைப் பார்த்தார். "நாற்சந்தியில வெண்கலமா நிக்கறது அவதான். அவ்வளவு பேசினவளை வாயை மூடி நிக்க வெச்சுட்டேன்."

நானும் படத்தைப் பார்த்தேன். ஆனால் வந்த காரியம் வேறு. "ஐயா, வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு எங்க மாப்பிள்ளைக்கு நேர்காணல். நீங்க வந்து ஒரு வார்த்தை சொல்லணும். இல்லைன்னா என் பொண்ணு போயிடுவா."

அவர் எழுந்தார். போய்க் குடையை எடுத்துக்கொண்டு வந்தார். அன்று புதன்கிழமைதான் என்று சொல்லி உட்கார வைத்தேன்.

வெள்ளிக்கிழமை பாப்பா வரவில்லை. "என்னால அங்க உக்கார முடியாதும்மா, நீ போ" என்றாள். குடும்பத்திலிருந்து ஒருவர் கூட இருக்கலாம் என்பது விதி. நான் போனேன். அலுவலகத்தில் நீண்ட வராந்தா, பச்சை பெயின்ட் அடித்த பெஞ்சு, எல்லாக் கதவிலும் நாயகி மாடல். அதிகாரி அம்மாவுக்கு நாற்பது வயது இருக்கும். முகத்தில் சிரிப்பு வந்த தடயமே இல்லை. எங்களோடு குடையும் கையுமாக வந்த எழுத்தாளரைப் பார்த்ததும் எழுந்து நின்றார், அப்புறம் யார் கூப்பிட்டார்கள் என்று யோசித்துக்கொண்டே உட்கார்ந்தார்.

"முதல் கேள்வி. அவள் ஏன் கதவைத் திறக்கவில்லை?"

மாப்பிள்ளை என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். "அந்தக் கதவுல தாழ்ப்பாள் இல்லைங்க. அதனால அவ திறந்திருப்பா" என்றார்.

அதிகாரி பேனாவை எடுத்தார். "தவறு."

"சரி" என்றார் எழுத்தாளர். "அவர் சொன்னதுதான் சரி. நான்தான் எழுதினேன்."

"ஐயா, நீங்கதான் எழுதினீங்க, இல்லைன்னு சொல்லலை. ஆனா விடை குழு போட்டது."

"குழுவுல யாரு?"

"பதினோரு பேர். நீங்கதான் கௌரவத் தலைவர். ஒரு கூட்டத்துக்கும் வந்ததில்லை, கையெழுத்து மட்டும் போட்டிருக்கீங்க." காகிதத்தைத் திருப்பிக் காட்டினார். இருந்தது, கொக்கி போட்ட பெரிய கையெழுத்து.

எழுத்தாளர் முகம் சிவந்தது. "அப்படின்னா என்னைக் கேளுங்க அந்த அஞ்சு கேள்வியையும்!"

"படிவம் நிரப்பாம யாரையும் கேள்வி கேட்க விதியில்லை."

"கொடுங்க படிவத்தை!" பிடுங்காத குறையாக வாங்கி, பெயர், தகப்பனார் பெயர், அங்க அடையாளம் எல்லாம் எழுதிக் கையெழுத்துப் போட்டார். அதிகாரி வேறு வழியில்லாமல் கேட்டார்.

எந்தக் கை? "நான் எழுதவே இல்லையே, எனக்கெப்படித் தெரியும்?" வலது கை, குழுவின் விடை. கதவு எதைக் குறிக்கிறது? "கதவைத்தான்." எல்லை. அவள் மௌனம் எதைக் காட்டுகிறது? "மௌனமா? அவளா? மூச்சு விடாம ஏழு பக்கம் பேசறா!" மன உறுதி. ஏன் திறக்கவில்லை? "திறந்தா!" அதுவும் போயிற்று. நாவல் எத்தனை பக்கம்? "முந்நூத்து இருபத்தெட்டு!" முந்நூற்று இருபது.

ஐந்துக்குப் பூஜ்யம். டீ கொண்டுவந்த பியூன் தட்டோடு அப்படியே நின்றுவிட்டான்.

"ஐயா..." அதிகாரியின் குரல் இறங்கிவிட்டது. "நீங்க பெயில்."

எனக்குள்ளே ஏதோ ஒன்று குதித்து எழுந்தது. எனக்குக் கோபம் வந்தால் முதலில் வருவது புத்திதான்.

"ஏம்மா, படிவம் போட்டு பெயிலானா என்ன செய்வீங்க?" என்று கேட்டேன்.

"குடியுரிமையை மறுபரிசீலனைக்கு அனுப்பணும்."

"அனுப்புங்க. தேசத்தோட எழுத்தாளர் தன் கதையிலேயே பெயிலாகி நாடு கடத்தப்பட்டார்னு நாளைக்குப் பேப்பர்ல வரும். நாற்சந்தியில நிக்கற சிலையை என்ன பண்ணுவீங்க? அதையும் ஆத்துக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் வெப்பீங்களா? இவர் பதிலும் எங்க மாப்பிள்ளை பதிலும் ஒரே பதில்தான். ஒருத்தருக்குச் சரின்னா ரெண்டு பேருக்கும் சரி. தப்புன்னா ரெண்டு பேரும் பெட்டி கட்டறாங்க. நீங்களே சொல்லுங்க."

"நான் பெட்டி கட்டத் தயார்" என்றார் எழுத்தாளர், குடையை மடியில் வைத்துக்கொண்டு. இந்த வயதில் அவருக்கு இவ்வளவு உற்சாகம் வரும் என்று நான் நினைக்கவில்லை.

அதிகாரி தொலைபேசியை எடுத்தார், வைத்தார். அப்போதுதான் மஞ்சள் உறையை அவர் முன்னால் வைத்தேன். எங்கள் மூன்று பேரையும் பார்த்துவிட்டுப் பிரித்துப் படித்தார். எட்டுப் பக்கமும் படித்தார். நடுவில் ஓரிடத்தில் உதடு கோணியது. அந்த முகத்தில் சிரிப்பு வர வழி தெரியாமல் அலைந்தது.

"பத்தாவதுல நான் 'திறந்தாள்'னு எழுதினேன்" என்றார், யாரையும் பார்க்காமல். "ஏழு வருஷம் கழிச்சு வந்த மனுஷனை வாசல்ல நிக்க வெப்பாளான்னு எழுதினேன். அஞ்சுக்குப் பூஜ்யம் போட்டு, வகுப்புல படிச்சுக் காட்டினாங்க. அதுக்கப்புறம் நான் எதுக்கும் சொந்தமா பதில் எழுதினதே இல்லை."

இரண்டு படிவத்திலும் பாஸ் என்று எழுதி முத்திரையைக் குத்தினார். இரண்டாவது குத்து மேஜை அதிரும்படி விழுந்தது. உறையைத் தன் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார். "இது அரசாங்கத்துக்கிட்ட இருக்கட்டும். வெளியில சொல்லக் கூடாது. வேற பிரதி இருக்கா?"

"இது ஒண்ணுதாங்க" என்றேன். பரணில் ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது இருந்தன. சாயங்காலம் ஒரு கட்டை எழுத்தாளர் வீட்டில் கொடுப்பதாக வராந்தாவில் அவர் காதில் சொன்னேன். "ரெண்டு கட்டாக் கொடும்மா" என்றார்.

நானும் மாப்பிள்ளையும் வீட்டுக்கு நடந்தோம். தெரு திரும்பும்போது அவர், "அத்தை, நான் சொன்னது சரிதானே?" என்று கேட்டார். "சரிதான், வாயை மூடிட்டு வாங்க" என்றேன்.

வாசலில் நின்று அவர் தட்டினார். இங்கே வந்து கற்ற பழக்கம். உள்ளே காலடி ஓடி வந்தது. கதவுக்குப் பின்னால் வந்து நின்றுவிட்டது.

இந்த நாட்டில் ஒவ்வொரு கதவுக்குப் பின்னாலும் முப்பத்திரண்டு வருடமாக யாரோ ஒருவர் அப்படி நிற்கிறார். அதற்கெல்லாம் நான் சிரித்திருக்கிறேன். அன்று என்னால் சிரிக்க முடியவில்லை. மரத்துக்கு அந்தப் பக்கம் என் பிள்ளை மூச்சைப் பிடித்துக்கொண்டு, என்ன சேதியோ என்று பயந்து நிற்கிறாள். நிற்க வைத்தவள் நான்.

"தள்ளுங்க மாப்பிள்ளை" என்றேன்.

அவர் குனிந்து இடுக்கில் பார்த்தார். தொழில்புத்தி. "தாழ் போடலை அத்தை" என்று தள்ளினார்.

கதவு திறந்தது. பாப்பா கையை நீட்டியபடியே நின்றாள், கை காற்றில் இருந்தது. அவளுக்குப் பின்னால் சுவரோரம் துடைத்து வைத்த இரண்டு பெட்டி. முதலில் அவர் முகத்தைப் பார்த்தாள், அப்புறம் என் முகத்தை.

"பாஸ்" என்றார் மாப்பிள்ளை.

அவள் அவர் தோளில் ஒரு அடி வைத்தாள். இன்னொன்று வைத்தாள். அழுதுகொண்டே கத்தினாள்: "இப்படித் தட்டிட்டு நிக்கறீங்களே, தள்ளிட்டு உள்ள வர வேண்டியதுதானே!"

நான் அவர்களைத் தாண்டி உள்ளே போனேன். பக்கத்தில் இருந்த பெட்டி மேல் உட்கார்ந்து வெட்கமில்லாமல் அழுதேன். அந்தப் பக்கத்தை அவள் படித்ததே இல்லை, பரணில் என்ன இருக்கிறது என்றுகூட அவளுக்குத் தெரியாது. ஆனால் அந்த நான்கு நாளும் என்னோடு சேர்ந்து அதன் மேல் அவளும்தான் உட்கார்ந்திருந்தாள்.